கற்கண்டுப் பானையும் அருமண்ணும்

அன்புள்ள ஐயா,

சீரியம், யூரோப்பியம் போன்ற அருமண் தனிமங்கள் பெயரளவில்தான் அரிது, அவற்றில் சீரியம் ஏறக்குறைய செம்பு அளவுக்குப் பூமியின் மேலோட்டில் உண்டு என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் இருக்கும் இடத்தில் தோண்டினால் போதாதா? பல கோடி ஆண்டு முன்பு மாக்மா, அதாவது உருகிய பாறைக்குழம்பு, எப்படி உறைந்தது என்று எதற்கு ஆராய வேண்டும்?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எங்கே தோண்டுவது என்பதை அந்த மாக்மாதான் சொல்ல வேண்டும். பனங்கற்கண்டு எடுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? பதநீர்ப் பாகைப் பானையில் ஊற்றி, உள்ளே நூல் கட்டி, வாரக்கணக்கில் அசைக்காமல் வைப்பார்கள். நூலில் கற்கண்டு கட்டும். படிகத்தில் சேராததெல்லாம் கறுத்த கழிவுப்பாகாக நிற்கும். மாக்மா ஆறும்போதும் இப்படித்தான். அருமண் அயனிகள் பருமனானவை. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் போன்ற சாதாரணப் பாறைக் கனிமங்களின் படிகங்களில் இடம் கிடைக்காமல் மிச்சக் குழம்பிலேயே தங்கிச் செறிவாகும். அந்த மிச்சம் எங்கே போய் உறைந்தது என்பதுதான் தேடல்.

யூரோப்பியம் மட்டும் வேறு மாதிரி. மற்றவை மூன்று நேர்மின் சுமையோடு இருக்க, இது இரண்டு சுமையுள்ள அயனியாக மாறி, கால்சியத்தின் இடத்தில் ஃபெல்ட்ஸ்பாருக்குள் புகுந்துவிடும். அருமண்களின் அளவை வரிசையாக வரைந்தால், கண்ட மேலோட்டின் மேல்பகுதிப் பாறைகளில் யூரோப்பியத்துக்கு நேராக ஒரு பள்ளம் விழும். மேலோடு தன் அடியிலேயே மறுபடி உருகி, ஃபெல்ட்ஸ்பாரைக் கீழே விட்டுவிட்டு மேலேறியதன் தடம் அது. அப்போலோ வீரர்கள் கொண்டுவந்த கற்களுக்கும் இதே வரைபடம் போட்டால், நிலாவின் கறுப்புச் சமவெளிப் பாறையில் பள்ளம், வெள்ளை மேட்டுநிலப் பாறையில் மேடு. நிலா ஒரு காலத்தில் மாக்மாக் கடலாக இருந்தது, ஃபெல்ட்ஸ்பார் அதில் மிதந்து மேலே திரண்டது என்பதற்கு இது பெரிய சான்று. ஒரு தனிமத்தின் குறைவை வைத்து இவ்வளவு படிக்க முடிகிறதே என்று எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

சரி, கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நம் மணவாளக்குறிச்சிக்கு வருவோம். அந்தக் கடற்கரை மணலை உள்ளங்கையில் பரப்பினால் கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், இடையில் தேன் நிறத்தில் மோனசைட் துணுக்குகள். 50 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழைய மலைப்பாறை சிதைந்து, ஆற்றோடு வந்து, அலை எடை பார்த்து ஒதுக்கிய மணல். அந்த மோனசைட்டில் அருமண்ணோடு கதிரியக்கமுள்ள தோரியமும் இருக்கிறது. அதுவும் மற்றப் படிகங்களில் இடம் கிடைக்காத தனிமம்தான், அதனால் இரண்டும் ஒரே துணுக்கில் சேர்ந்துவிட்டன. மணல் எடுப்பவர்கள் ஒன்றை மட்டும் அள்ளிக்கொண்டு மற்றதைக் கரையில் விட முடியாது. கதிரியக்கத்தைப் பற்றி அந்த ஊர்க்காரர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லவும் மாக்மாவிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

அன்புடன்.