கடலூரிலிருந்து போய் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலக் காட்டு ஏரிகளில் மீன்பிடிக்க என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

உப்பனாற்றில் தூண்டில் போட்டுப் பழகியவர். ஜூலையில் அங்கிருக்கும் அண்ணனோடு பவுண்டரி வாட்டர்ஸ் என்ற காட்டுப் பகுதி ஏரிகளில் கேனோ (ஒடுக்கமான துடுப்புப் படகு) ஓட்டிப் போய்த் தங்கி மீன்பிடிக்கக் கேட்டிருக்கிறீர்கள்.

முதல் வேலை அனுமதிச் சீட்டு. மே 1 முதல் செப்டம்பர் 30 வரை இரவு தங்க முன்பதிவு வேண்டும். எந்த நுழைவிடத்தில், எந்தத் தேதியில் இறங்குகிறீர்கள் என்பதற்குத்தான் சீட்டு. நல்ல இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஒரு குழுவில் 9 பேர், 4 படகுக்கு மேல் கூடாது. மீன்பிடி உரிமம் தனி.

ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே கல்லும் வேருமான பாதையில் படகைத் தோளில் கவிழ்த்துச் சுமக்க வேண்டும். கெவ்லர் என்ற இலேசான, உறுதியான இழையால் செய்த படகாக வாடகைக்கு எடுங்கள், 20 கிலோ அளவில்தான் இருக்கும்.

தகர டப்பா, கண்ணாடி பாட்டில் இரண்டுக்கும் தடை. அம்மா கொடுக்கும் ஊறுகாயைப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். கருவாடு? வேண்டவே வேண்டாம், கருங்கரடி நடமாடும் காடு! சாப்பாட்டை அது திறக்க முடியாத டப்பாவில் பூட்டி வையுங்கள்.

அப்புறம் மீன். ஏற்றம் வற்றம் பார்க்கும் பழக்கம் அங்கே உதவாது, வெளிச்சத்தைப் பாருங்கள். வால்ஐ (walleye) என்ற ஏரி மீனுக்கு மங்கலில் கண் நன்றாகத் தெரியும். அந்தி சாயும்போது நீருக்குள் இருக்கும் பாறைத் திட்டு ஓரமாகப் போடுங்கள். பைக் (pike) என்ற மீனின் பல் தூண்டில் நரம்பை அறுத்துவிடும், தூண்டில் முள்ளுக்கு மேலே ஒரு சாண் கம்பி கட்டுங்கள். செல்போன் சிக்னலை நம்பாமல் காகித வரைபடமும், தலைக்குக் கொசுவலையும் எடுத்துக்கொள்ளுங்கள்.