கொழும்பில் சுவிட்சைப் போட்டால் எங்கே புகைகிறது?

மாடியில் சோலார் போட்டுவிட்டோம். இனி எங்கள் மின்சாரத்தால் சூழலுக்குக் கேடில்லை என்று சொல்லலாமா? (வெள்ளவத்தை வாசகி)

பகலுக்குப் பெரும்பாலும் சொல்லலாம். பேனலைச் செய்யச் செலவான சக்தியை நம் வெயிலில் அது சில வருடங்களில் ஈடுகட்டிவிடும். அப்புறமும் 20 வருடம் உழைக்கும். ஆனால் இரவு ஏழு மணிக்கு ஏசி போடும்போது வெயில் இல்லையே. பற்றரி இல்லாத வீட்டுக்கு அப்போது வருவது நீர், நிலக்கரி, எண்ணெய் மின்சாரம்தான். 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் தேவை குறைந்து பகல் மின்சாரம் மிஞ்சியதால், கூரைச் சோலாரை நிறுத்தி வைக்கச் சொல்லி மின்சார சபையே கேட்டது. அதனால் துணி துவைப்பதையும் தண்ணீர் மோட்டரையும் நண்பகலுக்கு மாற்றுங்கள்.

நிலக்கரியை எல்லோரும் திட்டுகிறார்கள். கொழும்பில் இருக்கும் எங்களுக்கு அதனால் என்ன? (கொட்டாஞ்சேனை வாசகர்)

புகை உங்கள் ஜன்னலுக்கு வராததால்தான் இப்படிக் கேட்க முடிகிறது. புத்தளம் கடற்கரையில் உள்ள நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தில் 300 மெகாவாட் இயந்திரங்கள் மூன்று இருக்கின்றன. அங்கே நிலக்கரியைக் கடலில் நிற்கும் கப்பலிலிருந்து படகுகளில் மாற்றித்தான் கரைக்குக் கொண்டுவர வேண்டும். தென்மேல் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும்போது அது நடக்காது. ஆகவே அந்த மாதங்களுக்கான நிலக்கரியை முன்கூட்டியே திறந்த வெளியில் குவித்து வைக்கிறார்கள். குவியல் பெரிதாக இருக்கும் காலமும் காற்று கடலிலிருந்து ஊருக்குள் வீசும் காலமும் ஒன்றாகிவிடுகின்றன. தூசு யார் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் போகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எரித்த சாம்பல், நிலையம் கடலுக்குள் திருப்பிவிடும் சூடான நீர் ஆகிய பிரச்சினைகள் வேறு.

காலநிலைக் கணக்கும் மோசம். ஐ.நா. காலநிலைக் குழுவின் 2014 அறிக்கைப்படி, கட்டுமானம் முதல் கழிவு வரை சேர்த்துப் பார்த்தால் ஒரு யூனிட் நிலக்கரி மின்சாரத்துக்கு ஏறத்தாழ 820 கிராம் கார்பன் டைஒக்சைட்; கூரைச் சோலாருக்கு 41, காற்றுக்கு 11. நுரைச்சோலைக்காரர்கள் சுவாசிப்பது நாம் எரிக்கும் விளக்கின் தூசு. அந்தக் கடன் நமக்கு இருக்கிறது.

மலையகத்து நீர்மின்சாரம் சுத்தமானதுதானே? (தெஹிவளை வாசகி, சொந்த ஊர் மஸ்கெலியா)

புகையில்லை, அது உண்மை. ஆனால் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனதும், நீர் வற்றும்போது பழைய கோயில் தலைகாட்டுவதும் உங்களுக்குத் தெரியாததா? மேல் கொத்மலைத் திட்டம் ஆற்று நீரைச் சுரங்கத்துக்குள் திருப்பியதால் சென் கிளயர் நீர்வீழ்ச்சியும் மெலிந்துபோனது. இருக்கும் அணைகளை நன்றாகப் பராமரிப்போம், புதிதாகக் கட்ட அவசரப்பட வேண்டாம் என்பதே என் கருத்து.

மன்னார் காற்றாலைகள் பறவைகளைக் கொல்கின்றனவா? (பம்பலப்பிட்டி மாணவர்)

மோதி இறக்கும் ஆபத்து உண்டு, மின்கம்பிகளிலும்தான். மன்னார் பறவைகளின் மத்திய ஆசிய வலசைப் பாதையில் இருக்கிறது, அங்குள்ள வங்காலைச் சரணாலயம் ராம்சார் ஈரநிலம், அதாவது சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம். அங்கே ஒரு பண்ணையில் மட்டுமே 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட். நான் காற்று மின்சாரத்தின் பக்கம்தான். ஆனாலும் அந்த ஒடுங்கிய தீவிலேயே மேலும் மேலும் நடுவது சரியில்லை. 2025இல் வீதிக்கு இறங்கிய மன்னார் மக்களின் பேச்சைக் கேட்டாக வேண்டும்.

எங்கள் தொடர்மாடியில் டீசல் ஜெனரேட்டர் கீழ்த்தளத்தில் இருக்கிறது. பயப்பட வேண்டுமா? (மட்டக்குளி வாசகர்)

ஆமாம். டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012இல் உறுதியாக வகைப்படுத்திவிட்டது. புகைக்குழாயை ஜன்னல்களுக்கு எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி நிர்வாகக் குழுவிடம் இந்த வாரமே எழுதிக் கொடுங்கள்.