புண் காலில், பம்பிங் குறைந்தது இதயத்தில்: செப்சிஸ் என்னதான் செய்கிறது?

கேள்வி: அப்பச்சிக்குச் சர்க்கரை உண்டு. பழனிக்கு நடந்து போய் வந்ததில் பாதத்தில் புண். காய்ச்சலும் அரை மயக்கமுமாகச் சேர்த்தோம், செப்சிஸ் என்றார்கள். மறுநாள் எக்கோ எடுத்துவிட்டு, இதயத்தின் பம்பிங் 30 சதவீதம்தான், ட்ரோபோனினும் (இதயத் தசை பாதித்தால் ரத்தத்தில் கூடும் புரதம்) கூடியிருக்கிறது, ஆனால் இது மாரடைப்பு இல்லை என்கிறார்கள். அடைப்பு இல்லாமல் இதயம் எப்படிக் கெடும்? இனி காலம் முழுக்க இதய நோயாளிதானா?

பதில்: காரைக்குடிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் ஐ.சி.யூ. டாக்டராக இருக்கிறேன். தைப்பூசம் முடிந்து ஊர் திரும்பும் சர்க்கரைக்காரர்களில் சிலர் இப்படித்தான் வந்து சேர்வார்கள். மரத்துப்போன பாதத்தில் கொப்புளம் உடைந்தது தெரியாது, தெரிந்தாலும் நேர்த்திக்கடனைப் பாதியில் விட மனம் வராது. "காலுக்குத்தானே டாக்டர் சேர்த்தோம்?" என்று வீட்டார் கேட்பது நியாயம்தான். உங்கள் அப்பச்சியின் கேஸ் ஷீட்டை நான் பார்க்கவில்லை, அதனால் பொதுவாகச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. செப்சிஸ் என்பது வெறுமனே ரத்தத்தில் கிருமி இருப்பது அல்ல. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடல், அளவு தவறித் தன் உறுப்புகளையே முடக்கும் நிலை. 2016-இல் வந்த சர்வதேச வரையறையும் இதைத்தான் சொல்கிறது. ஆகவே புண்ணிலிருக்கும் கிருமி இதயத்துக்குப் போய்த் தசையைத் தின்ன வேண்டியதில்லை. (உண்ணிக் காய்ச்சலில் கிருமியே இதயத் தசையில் அழற்சி உண்டாக்குவதும் உண்டு. அது வேறு கதை.)

அடைப்பு சந்தேகம் டாக்டர்களுக்கும் இருந்ததுதான். 1980-களில் அமெரிக்காவில் செப்டிக் ஷாக் (செப்சிஸ் முற்றி ரத்த அழுத்தம் சரியும் நிலை) நோயாளிகளின் இதயச் சிரையில் குழாய் செலுத்திப் பார்த்தார்கள். இதயத் தசைக்குப் போகும் ரத்தம் குறையவில்லை, சிலருக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகவே ஓடியது. அதே காலத்தில் பாரில்லோ என்ற அமெரிக்க டாக்டரின் குழுவினர் இன்னொன்று செய்தார்கள். நோயாளிகளின் ரத்த நீரை எடுத்து, ஆய்வகத்தில் வளர்த்த எலிக்குட்டியின் இதய செல்கள் மேல் விட்டார்கள். துடித்துக்கொண்டிருந்த செல்களின் சுருங்கும் வலு குறைந்துபோனது. கோளாறு ரத்தத்தில் கலந்திருக்கும் ஏதோ ஒன்றில் என்பது அதில் தெரிந்தது. டி.என்.எஃப். ஆல்ஃபா, இன்டர்லூகின்-1 பீட்டா என்ற இரண்டு அழற்சிப் புரதங்களுக்கு அதில் பெரிய பங்கு என்று 1996-இல் காட்டினார்கள்.

அந்தப் புரதங்கள் செல்லுக்குள் என்ன செய்கின்றன? ஒவ்வொரு துடிப்புக்கும் கால்சியம் வேண்டும். செல்லுக்குள் இருக்கும் சேமிப்பறையிலிருந்து கால்சியம் வெளியே பாய்ந்தால் தசை இழைகள் சுருங்கும், அதைத் திரும்ப உள்ளே இறைத்தால் தளரும். செப்சிஸில் சேமிப்பறை ஒழுகுகிறது, திரும்ப இறைக்கும் பம்பு மந்தமாகிறது. அதனால் அடுத்த துடிப்புக்கு இருப்புக் குறைவு. போதாததற்கு நைட்ரிக் ஆக்சைடு அளவுக்கு மீறிச் சுரந்து, தசை இழைகளுக்குக் கால்சியத்தின் மேலிருக்கும் உணர்திறனைக் குறைக்கிறது. இருக்கிற கால்சியத்துக்கும் இழை சரியாக அசைந்து கொடுக்காது.

செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவின் பாடு இன்னும் மோசம். நைட்ரிக் ஆக்சைடும் அதிலிருந்து உருவாகும் பெராக்சிநைட்ரைட்டும் அங்கே ஆற்றல் தயாரிக்கும் நொதிகளைத் தடுக்கின்றன. ஆக்சிஜன் வாசல் வரை வந்தும் பயன்படுத்த முடியாத நிலை. அட்ரினலினை ஏற்கும் பீட்டா ஏற்பிகளும் குறைகின்றன. மருந்தை ஏற்றிக்கொண்டே போனாலும் இதயம் எதிர்பார்த்த அளவுக்கு முறுக்கேறாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இத்தனைக்கும் செல்கள் பெரும்பாலும் சாவதில்லை. எனக்கு இதில் வியப்பான பகுதி இதுதான். செப்சிஸில் இறந்தவர்களின் இதயத் தசையை இறந்த உடனே எடுத்து ஆராய்ந்து, 2013-இல் வெளியிட்டார்கள். மைட்டோகாண்ட்ரியா வீங்கியிருந்தன, ஆனால் செத்த செல்கள் மிகக் கொஞ்சம். இதயம் அவ்வளவு சோர்ந்துபோனதற்கு அந்த இழப்பு கணக்கே ஆகாது. தெருவில் கலவரம் என்றால் கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பாரே, அப்படி ஒரு நிலை. ட்ரோபோனின் கூடியதும் மாரடைப்பில் போலப் பெரிய அளவில் தசை செத்ததால் அல்ல, செல்லின் சவ்வு கசிந்து வெளியேறுகிறது என்று கருதுகிறார்கள்.

அதனால்தான் இது திரும்புகிறது. 1984-இல் பார்க்கர், பாரில்லோ ஆகியோர் 20 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தபோது, பிழைத்தவர்களின் பம்பிங் முதலில் நன்றாகக் குறைந்து, 7 முதல் 10 நாளில் பழைய நிலைக்கு வந்தது. பிழைக்காதவர்களுக்கு அந்த அளவு குறையவே இல்லை என்பது அதில் வேடிக்கை. பின்னால் வந்த ஆய்வுகள் அந்த வேறுபாட்டை அப்படியே உறுதிசெய்யவில்லை, ஆனாலும் ஒரு பாடம் நின்றது: நல்ல எண் வந்தால் நிம்மதி என்று இருக்க முடியாது. செப்சிஸில் ரத்தக்குழாய்கள் தொளதொளத்துப் போவதால், பலவீனமான இதயமும் எதிர்ப்பில்லாமல் தள்ளிவிட்டு எக்கோவில் நன்றாகத் தெரியும். நார்அட்ரினலின் போட்டு அழுத்தத்தை ஏற்றியபின் உண்மை நிலவரம் வெளிப்படலாம். முதல் நாள் 55, மறுநாள் 30 என்றால் டாக்டர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று எடுத்த எடுப்பில் சண்டைக்குப் போக வேண்டாம்.

இதயத்துக்கென்று தனி மாற்று மருந்து இதில் கிடையாது. சரியான ஆன்டிபயாட்டிக், புண்ணைத் திறந்து அழுகிய சதையை எடுப்பது, அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பது, தேவைப்பட்டால் இதயம் சுருங்கும் வலுவைக் கூட்டும் டோபுடமின். பம்பிங் 30 என்றால் சலைனை அளந்துதான் ஏற்றுவார்கள். "ட்ரிப்ஸ் ஏன் குறைவாகப் போகிறது" என்று நர்ஸிடம் கோபப்படாதீர்கள். கால் ஆபரேஷனைத் தள்ளிப்போடத்தான் வீட்டில் பேசுவார்கள், "இதயம் தேறட்டும், அப்புறம் காலைப் பார்க்கலாம்" என்று. பெரும்பாலும் முறை தலைகீழ். புண்ணைச் சுத்தம் செய்யாதவரை இதயம் தேறுவது கஷ்டம்.

காலம் முழுக்க இதய நோயாளியா என்றால், இப்போதே அப்படி முடிவுகட்ட வேண்டியதில்லை. டிஸ்சார்ஜுக்கு முன் ஓர் எக்கோ, சில வாரம் கழித்து இன்னொன்று கேட்டு வாங்குங்கள். இதய மாத்திரைகளைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை அதைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும், நீங்களாக நிறுத்த வேண்டாம். அப்போதும் பம்பிங் 40-ஐத் தாண்டவில்லை என்றால் ஆஞ்சியோ பற்றிப் பேசுங்கள். சர்க்கரைக்காரர்களுக்கு நெஞ்சுவலியே காட்டாமல் பழைய அடைப்பு இருந்திருக்கலாம்.