வாசகர் கேள்வி பதில்: டூர் முடிஞ்சாச்சு, வியன்னாவுல மூணு நாள் மிச்சம் இருக்கு

கேள்வி: அக்கா வணக்கம். எங்க 30-வது கல்யாண நாளுக்கு நானும் வீட்டுக்காரரும் செப்டம்பர்ல ஐரோப்பா போறோம். ப்ராக், புடாபெஸ்ட், கடைசியா வியன்னா, எல்லாம் குரூப் டூர்தான். குரூப் வியாழக்கிழமை மதியம் கிளம்பிடும், நாங்க மட்டும் ஞாயிறு ராத்திரி ஃப்ளைட் வரைக்கும் வியன்னாவுலயே இருக்கிற மாதிரி டிக்கெட் போட்டிருக்கோம். ஓய்வா இருக்கலாம்னுதான் அப்படிப் போட்டோம், இப்போ பார்த்தா அவர் அதுக்கும் எக்செல் ஷீட் தயார் பண்ணிட்டார். வெள்ளி ஹால்ஷ்டாட், சனி சால்ஸ்பர்க், ஞாயிறு காலையில ப்ராட்டிஸ்லாவா. எனக்கு முட்டி வலி வேற. ஒரு இடத்துல உட்கார்ந்து காப்பி குடிச்சா போதும்னு சொன்னா, "அதுக்கு எதுக்கு இவ்வளவு காசு, கீழ புளோக்ல இருக்கிற கோப்பிக்கடையிலயே குடிக்கலாமே"ங்கிறார். நீங்களே ஒரு தீர்ப்பு சொல்லுங்க. – செங்காங் வாசகி

பதில்: தீர்ப்பு உங்க பக்கம்தான். ஆனா அவரை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன், நம்ம சிங்கப்பூர்ல பாதிப் பேர் இப்படித்தான், வருஷம் பூரா ஓடி ஓடி வேலை பார்த்துட்டு லீவு கிடைச்சா அதையும் ஓட்டமாவே ஆக்கிடுவோம், சும்மா இருந்தா காசு வீணாப் போற மாதிரி ஒரு பதட்டம்.

முதல்ல அந்த ஷீட்டையே பார்ப்போம். ஹால்ஷ்டாட் அழகான இடம், சந்தேகமே இல்ல, 1997-லேருந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு. ஆனா வியன்னாவுலேருந்து ரயில்ல போகவே கிட்டத்தட்ட மூணரை மணி நேரம், நடுவுல அட்நாங்-புஹைம்ல இறங்கி வேற ரயில் மாறணும், இறங்குற ஸ்டேஷன் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கு, அப்புறம் படகு ஏறினாத்தான் ஊருக்குள்ளயே போக முடியும். போக வர ஏழு மணி நேரம் அதுலயே போயிடும். அங்க குடியிருக்கிறவங்க ஆயிரம் பேர் கூட கிடையாது, பகல்ல வந்து குவியுற கூட்டம்தான் ஜாஸ்தி, அந்தக் கூட்டத்துல நீங்களும் நின்னு ஒரே இடத்துல எல்லாரும் எடுக்கிற அதே போட்டோவை எடுத்துட்டு படகுக்கு ஓடி வரணும். அங்க ராத்திரி தங்குறவங்க போகட்டும், ஒரு நாள்ல போயிட்டு வர்ற இடம் இல்ல அது. சால்ஸ்பர்க் பரவாயில்ல, ரெண்டரை மணி நேரம்தான், ஆனா அதுவும் ஒரு ராத்திரியாவது தங்கிப் பார்க்க வேண்டிய ஊர். ப்ராட்டிஸ்லாவா ஒரு மணி நேரத்துல போயிடலாம், அவர் மனசு கேக்கலன்னா வெள்ளிக்கிழமை காலையில போயிட்டு சாயங்காலம் வந்துடுங்க. ஃப்ளைட் இருக்கிற ஞாயித்துக்கிழமை மட்டும் வேண்டவே வேண்டாம், பக்கத்து நாட்டுல ரயில் லேட்டாயிடுச்சுன்னா அப்புறம் மணியைப் பார்த்துப் பார்த்தே உயிர் போயிடும்.

நான் சொல்ல வர்றது இதுதான், கடைசி மூணு நாளுக்குப் புது ஊர் எதுவும் வேண்டாம், டூர்ல அவசரமாப் பார்த்த அதே வியன்னாவுக்குத் திரும்பப் போங்க. கைடு கொடியைத் தூக்கிக்கிட்டு முன்னாடி நடப்பார், நீங்க கொடியையே பார்த்துக்கிட்டு பின்னாடி போயிருப்பீங்க, அரண்மனை எந்தப் பக்கம் இருந்ததுன்னு கூட ஞாபகம் இருக்காது.

வியாழக்கிழமை குரூப்பை வழியனுப்பிட்டு ஹோட்டல்ல நல்லாத் தூங்கி எழுந்து சாயங்காலமா கலை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போங்க. 1891-ல திறந்த பெரிய கட்டடம், வியாழன் மட்டும் ராத்திரி 9 மணி வரைக்கும் திறந்திருக்கும். எல்லா அறையும் பார்க்கணும்னு கிளம்பினீங்கன்னா உங்க முட்டி அன்னிக்கே சொல்லிடும். ப்ரூகல் ஓவியங்கள் இருக்கிற ஒரே ஒரு அறைக்குப் போங்க, அவர் வரைஞ்சதுல உலகத்துலயே அதிகமா ஒரே இடத்துல இருக்கிறது அங்கதான். 1565-ல வரைஞ்ச பனிக்கால ஓவியம் ஒண்ணு, வேட்டைக்காரங்க களைச்சுப் போய் நாய்களோட மலையிலேருந்து இறங்கி வருவாங்க, கீழ உறைஞ்ச குளத்துல குட்டி குட்டியா ஜனங்க சறுக்கி விளையாடுவாங்க. கிட்டப் போய் அந்தக் குட்டி ஆளுங்களை ஒவ்வொருத்தரா பாருங்க. பனியே இல்லாத ஊர்லேருந்து போற நமக்கு அந்தப் படம் இன்னும் கொஞ்சம் குளிரும்.

இப்போ காப்பிக்கு வர்றேன், உங்க வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லணுமே. வியன்னா காப்பிக்கடைப் பண்பாட்டை ஆஸ்திரியாவோட யுனெஸ்கோ மரபுப் பட்டியல்ல 2011-லயே சேர்த்துட்டாங்க, காப்பியோட ருசிக்காக மட்டும் இல்ல, அங்க உட்கார விடற விதத்துக்கும் சேர்த்துத்தான். மெலாஞ்ச்னு கேளுங்க, நுரை பால் போட்ட காப்பி. சின்ன வெள்ளித் தட்டுல வரும், பக்கத்துல ஒரு கிளாஸ் தண்ணி, கிளாஸ் மேல ஸ்பூனைக் கவுத்து வச்சிருப்பாங்க. கறுப்பு கோட்டு போட்ட வெயிட்டர் கொண்டுவந்து வச்சிட்டுப் போயிடுவார், நீங்க கூப்பிடாம பில் வராது. ஒரே காப்பிக்கு ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் முறைக்க மாட்டாங்க, தண்ணி தீர்ந்தா இன்னொரு கிளாஸ் கூட தானா வரும். மரச்சட்டத்துல மாட்டின நியூஸ்பேப்பர் தொங்கும், ஜெர்மன் தெரியலன்னாலும் எடுத்து வச்சுக்கங்க, மனுஷன் ஷீட்டைத் திறக்காம இருப்பார். கஃபே சென்ட்ரலுக்குப் போக வேண்டாம், வாசல்லயே வரிசை நிக்கும். 1880-லேருந்து இருக்கிற கஃபே ஷ்பெர்ல் போங்க, பழைய சோபா, நடுவுல பில்லியர்ட்ஸ் மேசை. பில் வந்ததும் டிப்ஸை மேசையில வைக்காதீங்க, டிப்ஸையும் சேர்த்து மொத்தத் தொகையை வாயால சொல்லிக் குடுக்கிறதுதான் அங்க வழக்கம்.

வெள்ளி ராத்திரி ஓபரா. ஜூலை ஆகஸ்ட்ல போறவங்களுக்கு இது கிடைக்காது, மூடியிருக்கும், நீங்க செப்டம்பர்ல போறது நல்லதாப் போச்சு. உள்ள சீட் விலையைப் பார்த்து பயந்துடாதீங்க, 1869-ல கட்டின அந்த அரங்கத்துல நின்னுக்கிட்டே பார்க்கிற இடம்னு தனியா உண்டு, டிக்கெட் ரொம்ப மலிவு. முன்னாடி ஒரு கம்பி இருக்கும், இடம் பிடிக்க அதுல ஒரு ஸ்கார்ஃபைக் கட்டிட்டுப் போயிடுவாங்க, நம்ம ஹாக்கர் சென்டர்ல டிஷ்யூ பாக்கெட் வச்சு இடத்தை 'சோப்' பண்ற மாதிரியேதான், யாரும் தொட மாட்டாங்க! முட்டி வலிக்குதுன்னா இடைவேளையில வெளிய வந்துடலாம், ஒண்ணும் தப்பில்ல. செப்டம்பர்ல சில நாள் வெளியில பெரிய திரை வச்சு, நாற்காலி போட்டு இலவசமாவே காட்டுவாங்க, அன்னிக்கு இருக்கான்னு மட்டும் பார்த்துக்கங்க, இருந்தா உங்களுக்கு அதுதான் சரி.

சனிக்கிழமை காலையில நாஷ்மார்க்ட் சந்தை. சனிக்கிழமை மட்டும் அதோட ஓரமா பழைய சாமான் சந்தை நடக்கும், உடைஞ்ச சாண்ட்லியர், யாரோ வீட்டுக் கரண்டி, நூறு வருஷத்துப் போஸ்ட் கார்டுனு எல்லாம் கொட்டிக் கிடக்கும். நான் சொன்ன ஷ்பெர்ல் அங்கேருந்து நடக்கிற தூரம்தான். ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, ஞாயித்துக்கிழமை வியன்னாவுல கடையெல்லாம் மூடிடுவாங்க, பெரிய ரயில் நிலையத்துக்குள்ள இருக்கிற ஒண்ணு ரெண்டு சூப்பர்மார்க்கெட்தான் திறந்திருக்கும், ஆனா அங்கயும் செம கூட்டம். முஸ்தஃபாவுல ராத்திரி பதினோரு மணிக்கு சாமான் வாங்கிப் பழகின நமக்கு இது புரியவே புரியாது, அதனால வீட்டுக்கு, ஆபீசுக்கு வாங்க வேண்டியதெல்லாம் சனிக்கிழமை மதியத்துக்குள்ள வாங்கிடுங்க.

மதியத்துக்கு மேல ஹைலிகன்ஷ்டாட் ஸ்டேஷன்லேருந்து 38ஏ பஸ் ஏறி காலன்பெர்க் மலைக்குப் போங்க. 484 மீட்டர், நம்ம புக்கிட் தீமாவை விட மூணு மடங்கு கிட்ட, ஆனா பஸ் உச்சி வரைக்கும் போகும், ஏற வேண்டியதில்ல. திராட்சைத் தோட்டம், அதுக்குக் கீழ டான்யூப், மொத்த ஊரும் தெரியும். திரும்பி வர்ற வழியில கிரின்ட்சிங்ல இறங்குங்க, தோட்டத்துக்காரங்களே தங்களோட வைனைக் கொண்டுவந்து விக்கிற விடுதிகள் இருக்கும், மர பெஞ்சுல உட்கார்ந்து சாப்பிடலாம். செப்டம்பர்ல ஷ்டுர்ம்னு ஒண்ணு கிடைக்கும், இன்னும் நொதிச்சுக்கிட்டே இருக்கிற புது வைன், கலங்கலா, இனிப்பா இருக்கும், குடிக்கிறப்போ ஜூஸ்னுதான் தோணும், எழுந்து நிக்கிறப்போதான் தெரியும். அந்த பாட்டிலை இறுக்கி மூடவே மாட்டாங்க, மூடினா வெடிச்சிடும், அதனால பெட்டியில வச்சுக் கொண்டுவரலாம்னு உங்க வீட்டுக்காரர் ஐடியா பண்ணினா தடுத்துடுங்க.

ஞாயிறு காலையில ரூமைக் காலி பண்ணி பெட்டியை ஹோட்டல்லயே விட்டுடுங்க. ஷோன்ப்ருன் அரண்மனைக்குள்ள டூர்லயே போயிருப்பீங்க, இப்போ தோட்டத்துக்கு மட்டும் போங்க, அதுக்கு டிக்கெட் கிடையாது. இல்லன்னா 71-ஆம் நம்பர் ட்ராமில ஏறி மத்திய மயானத்துக்குப் போங்க, சிரிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன். 1874-ல திறந்தது, பீத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ் எல்லாரும் பக்கத்துப் பக்கத்துல, மோசார்ட்டுக்கு மட்டும் அங்க நினைவுச்சின்னம்தான், அவரைப் புதைச்சது வேற மயானத்துல. பெரிய மரங்கள், பெஞ்சு, ஞாயித்துக்கிழமை உள்ளூர்க்காரங்க குடும்பத்தோட வாக்கிங் வருவாங்க. பிடாடாரியில கல்லறையெல்லாம் எடுத்துட்டு வீவக வீடு கட்டின ஊர்லேருந்து போறவங்களுக்கு, செத்தவங்களுக்கு இவ்வளவு இடமான்னுதான் முதல்ல தோணும்.

எக்செல் ஷீட்டை என்ன பண்றதுன்னு கேட்டா, ஏர்போர்ட்டுக்கு எப்போ கிளம்பணும்ங்கிற ஒரே ஒரு வரியை மட்டும் அதுல வச்சுக்கச் சொல்லுங்க. வீன் மிட்டே ஸ்டேஷன்லேருந்து எஸ்7 ரயில் அரை மணி நேரத்துக்குள்ள கொண்டுபோய் விட்டுடும். 16 நிமிஷத்துல போற பச்சை ரயில் ஒண்ணு இருக்கு, விலை ரொம்ப ஜாஸ்தி, அவசரமே இல்லாத உங்களுக்கு எதுக்கு? ஊருக்குள்ள சுத்துற பாஸ் ஏர்போர்ட் வரைக்கும் செல்லாது, அந்தக் கடைசித் தூரத்துக்கு மட்டும் தனியா டிக்கெட் எடுக்கணும். நம்ம எம்ஆர்டி மாதிரி தட்டிட்டுப் போற கேட் எதுவும் அங்க இல்ல, அதனால இதை மறந்துட்டு ஏறிடுவோம், பரிசோதகர் வந்தா அபராதம்தான்.

கேள்வி: டூர்ல முதல் பத்து நாள் சந்தோஷமா இருக்கிற புருஷன் பொண்டாட்டி, கடைசி ரெண்டு நாள்ல மட்டும் ஏன் சண்டை போட்டுக்கிறாங்க? – அனுபவப்பட்டவன், தெம்பனிஸ்

பதில்: கால் வலி, பசி, கிரெடிட் கார்டு. காரணம் இந்த வரிசையிலதான் வரும். ரெண்டு பேரும் 24 மணி நேரமும் ஒட்டிக்கிட்டே இருக்கணும்னு யார் சொன்னது, ஒரு காலைப் பொழுது நீங்க தனியா நடங்க, அவங்க தனியா கடைக்குப் போகட்டும், மதியச் சாப்பாட்டுக்குச் சந்திச்சுக்கங்க. பேசறதுக்கும் ஏதாவது புதுசா இருக்கும்.

கேள்வி: நாங்க சுத்த சைவம். வியன்னாவுல சமாளிக்க முடியுமா அக்கா? – உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: முடியும், ஆனா சூப்புல ஏமாந்துடாதீங்க. மெனுவுல தோசை மாதிரி ஒண்ணைக் கீத்து கீத்தா வெட்டிப் போட்ட சூப், ரவை உருண்டை சூப்புன்னெல்லாம் பார்க்க சைவமாத்தான் தெரியும், தண்ணி பூரா மாட்டெலும்புச் சாறு. கேட்டுட்டு வாங்குங்க. சீஸ் போட்ட ஷ்பெட்ஸ்லே, குட்டி குட்டி நூடுல்ஸ் மாதிரி, நல்லா இருக்கும், மேல பன்றி இறைச்சித் துண்டு தூவாம தரச் சொல்லணும். கைசர்ஷ்மார்னு ஒண்ணு, தடி பான்கேக்கைப் பிச்சுப் போட்டு மேல சீனித்தூள் தூவி ப்ளம்ஸ் கூட்டோட தருவாங்க, முட்டை உண்டு, அது ஒத்துக்கும்னா ரெண்டு பேருக்கு ஒரு தட்டு போதும். முட்டையும் ஆகாதுன்னா இந்திய உணவகத்துக்குப் போயிடுங்க, அதுக்கெல்லாம் கௌரவம் பார்க்காதீங்க.

கேள்வி: அங்க வாங்குற பொருளுக்கு வரி திரும்பக் கிடைக்குமாமே, எப்படி? – ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: ஆஸ்திரியாவுல ஒரே கடையில ஒரே பில்லுல 75 ஈரோவுக்கு மேல வாங்கினா உண்டு. கடையிலயே பாஸ்போர்ட்டைக் காட்டி ஃபாரம் வாங்கிடணும், அப்புறம் கேட்டா கிடைக்காது. வரி 20 விழுக்காடுன்னு கேட்டதும் மனக்கணக்கு போட்டுடாதீங்க, விலைக்குள்ளயே வரி இருக்கிறதால 120 ஈரோ பொருள்ல 20 ஈரோதான் வரி, அதுலயும் கமிஷன் பிடிச்சுக்கிட்டுத்தான் தருவாங்க. முக்கியமானது, பெட்டியை செக்-இன் பண்றதுக்கு முன்னாடி கஸ்டம்ஸ்ல பொருளைக் காட்டணும், அதனால வாங்கினதை பெட்டியில அடியில போட்டு மேல அழுக்குத் துணியை அடுக்கி வைக்காதீங்க. பழ ஜாமும் பூசணி விதை எண்ணெயும் கைப்பையில வச்சா செக்யூரிட்டியில எடுத்துப் போட்டுடுவாங்க, அது பெரிய பெட்டிக்கு. சாக்லேட் கேக் கைப்பையிலயே வரலாம். இந்தப் பக்கம் சாங்கிலயும் கணக்கு இருக்கு, 48 மணி நேரமோ அதுக்கு மேலயோ வெளிநாட்டுல இருந்துட்டு வந்தா ஆளுக்கு 500 வெள்ளி வரைக்கும்தான் ஜிஎஸ்டி விலக்கு, அதுக்கு மேல இருந்தா நீங்களே சொல்லிக் கட்டிடுங்க. அந்த வரியை மிச்சம் பிடிச்சு இங்க அபராதம் கட்டின கதையெல்லாம் கேட்டிருக்கேன்.

கேள்வி: வியன்னாவுல குழாய்த் தண்ணி குடிக்கலாமா? – பெயர் வேண்டாம்

பதில்: தாராளமா. 1873-லேருந்து மலை ஊற்றுத் தண்ணியைத்தான் குழாய் வழியா ஊருக்குக் கொண்டு வர்றாங்க, சில்லுன்னு இருக்கும். பாட்டில் தண்ணிக்குக் காசு குடுக்காதீங்க, ஹோட்டல்லயே நிரப்பிக்கங்க, தெருவுல கூட குடிதண்ணிக் குழாய் இருக்கும். ஏர்போர்ட் செக்யூரிட்டிக்கு முன்னாடி மட்டும் பாட்டிலைக் காலி பண்ணிடுங்க.