உயிரியல் பூங்காவுக்கு அழைத்துச் சென்று விலங்குகளின் தகவமைப்பை மாணவர்களுக்கு எப்படிக் கற்பிப்பது?

நான் சேலத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். சேர்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்கு ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைப் பல ஆண்டுகளாக அழைத்துச் சென்று வருகிறேன் என்பதால், பட்டறிவிலிருந்தே பதில் சொல்கிறேன்.

முதல் பயணத்தை நான் கெடுத்துவிட்டேன். 60 பிள்ளைகளிடம் ஆளுக்கொரு வினாத்தாளைக் கொடுத்து, எல்லாக் கூண்டுகளையும் ஒரே முற்பகலில் சுற்றிவர வைத்தேன். அவர்கள் விலங்கைப் பார்க்கவில்லை. கூண்டுக்கு முன்னால் இருந்த பலகையைப் பார்த்து எழுதினார்கள். மறுநாள் வகுப்பில் என்ன நினைவிருக்கிறது என்று கேட்டபோது, ஒரு குரங்கு இன்னொரு குரங்கிடமிருந்து எதையோ பிடுங்கியதைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். உண்மையில் அன்று அவர்கள் கூர்ந்து பார்த்த ஒரே காட்சி அதுதான் என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது. அதன் பிறகு ஒரு பயணத்துக்கு மூன்று விலங்குகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இருபது நிமிடம் என்று வைத்துக்கொண்டேன்.

பூங்காவுக்குப் போவதற்கு முன் வகுப்பறையில் தீர்க்க வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு, அது நம் மொழியிலேயே இருக்கிறது. 'ஒட்டகம் பாலைவனத்துக்கு ஏற்பத் தன்னைத் தகவமைத்துக்கொண்டது' என்று நாம் எழுதுகிறோம், பிள்ளைகளும் அப்படியே மனப்பாடம் செய்கிறார்கள். அந்தக் 'கொண்டது' என்ற துணைவினை, ஒட்டகம் ஒருநாள் யோசித்து முடிவெடுத்துத் தன் உடலை மாற்றியதைப் போன்ற தோற்றத்தைக் கொடுத்துவிடுகிறது. வெயிலுக்குக் குடை பிடித்துக்கொள்வதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை என்றே பிள்ளை புரிந்துகொள்கிறது.

இதை உடைக்க நான் நூல் விளையாட்டு ஒன்றை நடத்துகிறேன். எங்கள் பிள்ளைகள் பலருடைய வீட்டில் தறி ஓடுகிறது. கழிவு நூலுக்குப் பஞ்சமில்லை. விரல் நீளத்தில் பச்சை நூல் 50 துண்டு, சிவப்பு நூல் 50 துண்டு நறுக்கிப் பள்ளி மைதானத்தின் புல்லில் தூவிவிட்டு, நான்கு பேரைப் பறவைகளாக நினைத்துக்கொண்டு ஒரு நிமிடத்தில் முடிந்தவரை பொறுக்கச் சொல்வேன். பொறுக்கியதில் சிவப்பே மிகுதியாக இருக்கும். புல்லில் தப்பிக் கிடப்பது பெரும்பாலும் பச்சை. 'பச்சை நூல் தன்னைப் பச்சையாக்கிக்கொண்டதா?' என்று கேட்டால் சிரிப்பார்கள். தப்பியவை மட்டும் குட்டி போட்டால், குட்டிகள் தாயின் நிறத்திலேயே பிறந்தால், பல தலைமுறைக்குப் பின் மைதானத்தில் எந்த நிறம் மிஞ்சும் என்று அடுத்து கேட்பேன். டார்வின் 1859-ல் நூலாக எழுதிய இயற்கைத் தேர்வின் சாரம் இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடுகிறது. அவர் பெயரை ஆறாம் வகுப்பில் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை.

பூங்காவில் நான் முதலில் நிற்பது முதலைக் குளத்தருகே. பாதிப் பேர் அதைச் சிமெண்டுப் பொம்மை என்பார்கள். நீருக்கு மேலே தெரிவதை மட்டும் வரையுங்கள் என்பதுதான் நான் கொடுக்கும் ஒரே வேலை. வரையத் தொடங்கியதும், மூக்குத்துளை, கண், கண்ணுக்குப் பின்னால் காதின் கீறல் ஆகிய மூன்றும் தலையின் உச்சியில் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருப்பதைப் பென்சிலே காட்டிக்கொடுத்துவிடும். உடல் முழுவதும் நீருக்குள் மறைந்திருக்க, மூச்சும் பார்வையும் செவியும் மட்டும் வெளியே இருக்கின்றன. ஒருமுறை, 'சார், கண்ணு சைடுல மூடுது!' என்று ஒரு சிறுவன் கத்தினான். இமைக்கு உள்ளே, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக நகரும் ஒளி ஊடுருவும் மூன்றாம் இமையை அவன் தானாகவே கண்டுபிடித்திருந்தான். கரையில் வாய் பிளந்து கிடக்கும் முதலையைப் பார்த்துப் 'பசிக்கிறது' என்று சொல்லாத வகுப்பை நான் கண்டதில்லை. வாயின் ஈரப் பரப்பிலிருந்து நீர் ஆவியாவதால் தலையின் சூடு தணிகிறது என்பதை அங்கேயே விளக்கலாம். தொண்டையில் உள்ள மடிப்பு மூடுவதால் நீருக்குள் வாய் திறந்தாலும் மூச்சுக்குழாயில் நீர் இறங்காது என்பதைப் பிள்ளைகளால் பார்க்க முடியாது, ஆசிரியர்தான் சொல்ல வேண்டும். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் நோட்டில் தனித்தனிப் பக்கத்தில் எழுத வைப்பது நல்லது.

மான்களில் ஒப்பீடு நன்றாக வேலை செய்யும். புள்ளிமானுக்கு வாழ்நாள் முழுவதும் புள்ளிகள் உண்டு, கடமானின் மேனி ஒரே பழுப்பு. இரண்டும் மான்தானே, ஏன் இப்படி என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். புள்ளிமான் காட்டோரப் புல்வெளியில் பகலில் மேய்வது, இலைகளின் ஊடே விழும் வெயில் திட்டுகளோடு புள்ளிகள் கலந்துவிடும். கடமான் பெரும்பாலும் இரவில் நடமாடுவது, அடர்ந்த காட்டை நாடுவது. புள்ளிமானின் இரு காதுகளும் தனித்தனியே திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவி, 'இங்கேதான் புலி வராதே, அப்புறம் ஏன் காதைத் திருப்பிக்கிட்டே இருக்கு?' என்று கேட்டாள். என் இத்தனை ஆண்டு ஆசிரியப் பணியில் கேட்ட சிறந்த கேள்விகளில் அது ஒன்று. நான் நூல் துண்டுகளை நினைவுபடுத்தினேன். அந்தக் காது இந்த வேலிக்குள் உருவானதன்று, தப்பிப் பிழைத்த முன்னோரிடமிருந்து வந்தது என்று அவளே சொல்லிவிட்டாள்.

மூன்றாவது, நாட்டுக்குரங்கு. ஏற்காடு சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் தினமும் காண்பதால் அதைப் பற்றி எல்லாம் தெரியும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். 'வாலால் கிளையைப் பிடித்துத் தொங்கும்' என்று எழுதாதவர் குறைவு. இரண்டு பேரை நிறுத்தி, பத்து நிமிடத்தில் வால் எத்தனை முறை கிளையைப் பற்றுகிறது என்று எண்ணச் சொன்னேன். ஒருமுறைகூட இல்லை. வாலால் பற்றித் தொங்கும் குரங்குகள் அமெரிக்கக் கண்டத்துக் காடுகளில் உள்ளவை. நம் குரங்குக்கு வால் சமநிலைக்கு உதவுவது. அதன் கன்னப்பை மட்டும் ஏமாற்றாது: உணவை மெல்லாமல் அடக்கி, கன்னம் புடைத்தபடி விலகிப் போய் உட்கார்ந்து நிதானமாகத் தின்பதைக் காணலாம். அதைக் காட்டுவதற்காக நீங்கள் கடலை வீசக் கூடாது. பூங்கா விலங்குகளைச் சீண்டுவது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதைப் பேருந்திலேயே சொல்லிவிடுங்கள்.

மயிலை நேரம் இருந்தால் மட்டும் பாருங்கள். அந்தத் தோகை பிழைப்பதற்கு உதவாமல் இணை சேர்வதற்கு உதவுவது என்பதால், ஏழாம் வகுப்புக்குக் கீழே அது குழப்பும்.

காலையில் பூங்கா திறந்தவுடன் உள்ளே போய்விட வேண்டும், உச்சி வெயிலில் எல்லாம் நிழலில் படுத்துவிடும். விடுமுறை நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். மறுநாள் வகுப்பில் தேர்வு எதுவும் வேண்டாம். பாடநூலில் 'தகவமைத்துக்கொண்டது' என்று வரும் ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, அந்தச் சொல் இல்லாமல் திருத்தி எழுதச் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் அதற்கு ஒரு பாடவேளை முழுவதும் பிடித்தது.