காற்றில் பெயர்ந்த படகுக் கூரையின் கீல்களை அதே துளைகளில் மீண்டும் பொருத்தலாமா?

பலத்த காற்றில் உங்கள் சிறிய ஃபைபர் படகின் வெயில் கூரை மேலெழும்பியதில், கூரைச் சட்டத்தைப் படகோடு இணைக்கும் ஒரு பக்கக் கீலின் திருகாணிகள் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டன என்றும், சட்டத்தின் குழாய் ஒன்று வளைந்துவிட்டது என்றும், அதே துளைகளில் சற்றுத் தடித்த திருகாணிகளைப் போட்டு முறுக்கினால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது. சிறிய படகு ஒன்றைப் பல ஆண்டுகளாக நானே பழுது பார்த்துப் பராமரித்து வருபவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன். உடைந்தது கீல் என்று தோன்றினாலும், உண்மையில் தோற்றது கீலைத் தாங்கிய இடம்தான்.

காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது; வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். மூன்று சதுர மீட்டர் துணியை மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று நேராகத் தாக்கினால் அதன் மீது ஏறத்தாழ 18 கிலோ எடைக்கு நிகரான விசை விழும். வேகம் 72 கிலோமீட்டரானால் அது 75 கிலோவை நெருங்கும். இதற்குப் புயல் அடிக்க வேண்டியதில்லை. 36 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் எதிர்க்காற்றுக்குள் நீங்கள் அதே வேகத்தில் படகைச் செலுத்தினாலே கூரை 72 கிலோமீட்டர் காற்றைச் சந்திக்கிறது. துணி படபடத்து அடிக்கும்போது இந்த விசை ஒரே சீராக இல்லாமல் வெட்டி வெட்டி இழுக்கும். சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள ஃபைபர் தோலில் மரை பதித்து நிற்கும் திருகாணி, பக்கவாட்டு இழுப்பை ஓரளவு தாங்கும். மேல்நோக்கிய இழுப்பை நெடுநாள் தாங்காது. தடித்த திருகாணி அதே மெல்லிய தோலில் இன்னும் பெரிய ஓட்டையைத்தான் போடும்.

ஆகவே எதையும் வாங்குவதற்கு முன், பிடுங்கி வந்த திருகாணியைக் கையில் எடுத்து அதன் மரைகளை வெளிச்சத்தில் பாருங்கள். மரையிடுக்கில் உலர்ந்த வெள்ளைத் தூள் மட்டும் இருந்தால் ஃபைபர் மட்டுமே பொடிந்திருக்கிறது. கருத்த, ஈரமான மரச் சிராய் ஒட்டியிருந்தால், தோலுக்கு அடியில் உள்ள பிளைவுட் அல்லது பால்சா மரம் நீர் குடித்து உளுத்திருக்கிறது என்று பொருள். அப்போது துளையைச் சுற்றி, ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற ஓசை மங்கி மொத்தென்று கேட்கும் எல்லை வரை மரம் கெட்டிருக்க வாய்ப்புண்டு. அது உள்ளங்கை அளவையும் தாண்டிப் பரவியிருந்தால், மேல் தோலை வெட்டி எடுத்து உள்மரத்தை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. பிடுங்காத பக்கத்துக் கீலிலும் ஒரு திருகாணியைக் கழற்றிப் பாருங்கள். அதே காற்றைத்தான் அதுவும் தாங்கியது.

மரம் நல்ல நிலையில் இருந்தால் வேலை எளிது. ஆறு மில்லிமீட்டர் போல்ட் வரப்போகும் இடத்தில் பன்னிரண்டு மில்லிமீட்டர் துளை போட்டு, மேலும் கீழுமுள்ள இரு ஃபைபர் தோல்களுக்கும் இடையில் துளையைச் சுற்றியுள்ள மரத்தை வளைத்த ஆணி முனையால் சிறிது சுரண்டி எடுத்து, நன்றாக உலரவிடுங்கள். ஈரம் இருக்கும்போதே அவசரப்பட்டு அடைத்தால், அந்த ஈரத்தை நீங்களே உள்ளே பூட்டிவைத்ததாகிவிடும். அடிப்பக்கத்தை டேப்பால் மூடி, முதலில் ஹார்டனர் மட்டும் சேர்த்து, தூள் எதுவும் கலக்காத நீர்த்த எபாக்சிப் பிசினை மரம் உறிஞ்சுமாறு ஊற்றி, பிறகு சிலிக்கா தூள் கலந்து குழைத்த எபாக்சியால் நிரப்புங்கள். அது முழுதும் இறுகிய பிறகு அதன் நடுவில் ஆறு மில்லிமீட்டர் துளை போட்டால், போல்ட் மரத்தைத் தொடாமல் எபாக்சிக்குள்ளேயே கடந்து போகும். எதிர்காலத்தில் போல்ட்டைச் சுற்றி நீர் புகாமல் அடைக்கும் சீலன்ட் தளர்ந்து நீர் கசிந்தாலும் மரத்தை எட்டாது. நட்டை இறுக்கும்போது உள்மரம் நசுங்கவும் செய்யாது.

உள்பக்கத்தில், கீலின் பரப்பைப் போல இரண்டு மூன்று மடங்கு அகலமான தாங்கு தகடு கட்டாயம் வேண்டும். இந்த இடத்துக்கு ஐந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடியிழைத் தகட்டையே நான் பரிந்துரைப்பேன். அலுமினியத் தகடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டோடு உப்பு ஈரத்தில் சேர்ந்திருந்தால் அரித்துப்போகும். போல்ட், வாஷர், நைலான் வளையம் கொண்ட நட் எல்லாமே உப்பு நீரை நன்கு தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். இவற்றை இயந்திரத்தால் வேகமாக முடுக்கினால் மரை ஒன்றோடொன்று கடித்துச் சிக்கிக்கொள்ளும் என்பதால், சிறிது கிரீஸ் தடவிக் கையாலேயே முடுக்குங்கள். நட்டை எட்ட வழியில்லாத மூடிய விளிம்பாக இருந்தால், அருகில் வட்டமான திறப்பு மூடி ஒன்றைப் பொருத்திக் கையை உள்ளே விடுவதே சரியான வழி. பின்பக்கத்தை எட்டாமல் வெளியிலிருந்தே பொருத்தும் ரிவெட் நட்டுகள் மெல்லிய ஃபைபரில் நாளடைவில் தளர்ந்து சுழலத் தொடங்குவதால் அவற்றை நான் நம்புவதில்லை.

சீலன்ட்டாக, பிசைந்த மாவைப் போல் மென்மையாக ஒட்டும் பியூட்டைல் ரப்பர் டேப் இங்கே மிகப் பொருத்தமானது. துளையின் மேல் விளிம்பைச் சற்றே சரிவாகச் சீவிவிட்டு, போல்ட் தலைக்கு அடியில் டேப்பைச் சிறு வளையமாகச் சுற்றி உள்ளே இறக்குங்கள். மேலே போல்ட் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு அடியில் நட்டை மட்டும் திருப்ப வேண்டும். போல்ட்டைத் திருப்பினால் அந்த வளையம் முறுக்கிக்கொண்டு கிழியும். டேப் மெல்லப் பிதுங்கி வெளிவரும். சில நாள் விட்டு மீண்டும் சிறிது இறுக்குங்கள். சிலிகோனைத் தவிருங்கள், அது விட்டுச்செல்லும் படிவின் மேல் பிறகு எபாக்சியோ பெயின்ட்டோ ஒட்டாது.

குழாயைப் பொறுத்தவரை, மென்மையாக வளைந்திருந்தால் மெதுவாக நிமிர்த்திப் பார்க்கலாம். மடிந்து சுருக்கம் விழுந்த அலுமினியக் குழாயை நிமிர்த்தினால் மடிப்பு இருந்த இடத்திலேயே அடுத்த முறை ஒடியும். அந்தத் துண்டை மாற்றிவிடுங்கள்.

இவ்வளவு பலப்படுத்திய பிறகு, அடுத்த பெருங்காற்றில் எது முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள். என் விருப்பம், கூரையை முன்பக்கமாக இழுத்துப் பிடிக்கும் வாரின் கொக்கி. அது உடைந்தால் மாற்றுவது எளிது, படகின் உடலுக்கும் சேதமில்லை. வெயிலில் வெளிறி நூல் நூலாகப் பிரியத் தொடங்கிய வார்களை இப்போதே மாற்றி, துணி படபடக்காத அளவுக்கு இழுத்துக் கட்டுங்கள். பலத்த காற்று வரும் என்று தெரிந்தாலும், படகை டிரெய்லரில் ஏற்றிச் சாலையில் கொண்டுசெல்லும்போதும், கூரையை மடக்கி உறையிட்டுக் கட்டிவிடுங்கள். எந்தத் தாங்கு தகடும் அதற்கு ஈடாகாது.