வேலைக்கு வைத்த பெண்ணா?

கேள்வி: நான் தஞ்சை மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியின் வார்டு உறுப்பினர். இதுவரை 14 சுயமரியாதைத் திருமணங்களை முன்னின்று நடத்தியிருக்கிறேன். சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் 4 ஆண்டுகளாக ஒரு பெண்ணோடு வாழ்கிறாள். அவள்தான் தன் வாழ்க்கைத்துணை என்கிறாள். ஒருபாலின இணையர் உள்ளிட்டோரின் உரிமைக்காக ஜூன் மாதம் நடக்கும் வானவில் பேரணியில் இருவரும் பேசப் போகிறார்களாம். உள்ளாட்சித் தேர்தல் முடியும்வரை பொறுக்கச் சொன்னேன். மகள் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். எனக்குக் கருப்பை அறுவை நடந்தபோது இரவெல்லாம் உடனிருந்தவள் அந்தப் பெண்தான். பார்க்க வந்தவர்களிடம் வேலைக்கு வைத்த பெண் என்று சொல்லிச் சமாளித்தேன். சட்டமே ஏற்காத உறவை நான் எப்படி ஏற்பது?

பதில்: சகோதரி, போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்த மருத்துவமனை வரியை என்னால் தாண்டிச் செல்ல முடியவில்லை. அந்த அறுவைக்குப் பிந்தைய இரவுகளை நானும் அறிவேன். இருமினால் தையல் இழுக்கும். புரண்டு படுக்க இன்னொருவரின் கை வேண்டும். தண்ணீர் தரக் கூடாது என்று சொல்லியிருப்பதால், ஈரத்துணியால் உதட்டை நனைத்தபடி ஒருவர் விழித்திருக்க வேண்டும். அப்படி விழித்திருந்தவளைத்தான் கூலிக்கு வந்தவள் என்றீர்கள். கூலிக்கு வருவது இழிவு என்பதால் நான் இதைச் சொல்லவில்லை. அவள் கூலிக்கு வரவில்லை, மகளாக வந்தாள் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தது. குடும்பம் கடமையால் நிற்பது என்று நம்புகிறவள் நான். பெற்றவர்களைக் கைவிடும் பிள்ளைகளை இந்தப் பக்கத்தில் பலமுறை கண்டித்திருக்கிறேன். கடமையை மட்டும் வாங்கிக்கொண்டு உறவை மறுத்த உங்களையும் அதே கண்டிப்போடுதான் கேட்கிறேன்: இது நியாயமா?

சட்டத்தைக் காரணம் காட்டுகிறீர்கள். சடங்கில்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணம் ஒன்றைச் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1953இல் தீர்ப்பளித்தது. அண்ணா முதல்வரான பிறகு, 1967இல் வந்த சட்டத் திருத்தம்தான் அத்தகைய திருமணங்களுக்கு ஏற்பளித்தது. அதற்கு முன்பே அப்படி மணந்து, ஊர்ப்பேச்சைத் தாங்கிப் பிள்ளைகளை வளர்த்தவர்கள், சட்டம் வரட்டும் என்று காத்திருந்தால் நீங்கள் நடத்திய 14 திருமணங்கள் ஏது?

2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் ஒருபாலினத் திருமணத்துக்கு ஏற்பளிக்க மறுத்தது உண்மைதான். ஆனால் அந்த உறவு குற்றமில்லை என்று 2018இலேயே அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றமும் கூறியது. இத்தகைய இணையரை ஒரே குடும்பமாகக் கருதிக் குடும்ப அட்டை வழங்குமாறு மத்திய அரசு 2024இல் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அட்டைக்காக அலைகிறவர்களுக்கு வழிகாட்டுவது உங்கள் அன்றாட வேலையாயிற்றே. உங்கள் மகளுக்கு அதைச் செய்தீர்களா?

இதனால் வாக்குகள் குறையலாம்; குறையாது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். சாதி மறுப்புத் திருமணங்களை நடத்தியபோதும் அந்த அச்சம் இருந்திருக்கும். அப்போது மணமக்களின் பெற்றோரிடம் துணிவைக் கேட்டீர்கள். இப்போது அது உங்களிடம் கேட்கப்படுகிறது.

பேரணிக்குப் போவதா என்பதைப் பிறகு பார்க்கலாம். இந்த வாரமே சென்னைக்குப் பேருந்து ஏறுங்கள். மகளைத் தூது அனுப்பாமல், அந்தப் பெண்ணிடம் நீங்களே மன்னிப்புக் கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால் இருவரையும் ஊருக்கு அழைத்து வந்து, அன்று மருத்துவமனைக்கு உங்களைப் பார்க்க வந்தவர்களின் வீடுகளுக்குக் கூட்டிச் சென்று, இவள் யார் என்பதைச் சரியாகச் சொல்லுங்கள்.